காரணத்தைத் தமிழில் கேட்கும் உரிமை
விசாரணை இல்லாத சிறையும் எல்லைத் தமிழரும்

சித்தூரிலும் திருப்பதியிலும் பிழைக்கும் தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தெலுங்கு பேச வரும். கடைத்தெருவில் பேரம் பேசுவார்கள். மேஸ்திரியிடம் கூலியைக் கேட்டு வாங்குவார்கள். ஆனால் அதே தெலுங்கை எழுத்தில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் தடுமாறுவோர் பலர். பேச்சு ஒன்று, எழுத்து வேறு.

நகரியில் தறி ஓட்டவும், சித்தூர் மாங்கூழ்த் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கவும், திருப்பதி விடுதியில் கணக்கு எழுதவும் இந்த அரைத் தெலுங்கு போதும். அதனால் இந்தக் குறையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் இந்தக் குறை ஒரு மனிதனின் ஓராண்டு வாழ்வை விழுங்கிவிடக்கூடும். அந்த இடம் சிறை வாசல். குற்றம் சாட்டாமல், விசாரணை நடத்தாமல் ஒருவரை அடைத்துவைக்கும் தடுப்புக் காவல் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் சிக்கியவருக்கு மிஞ்சும் முதல் ஆயுதம் ஒரு காகிதக் கட்டு. "உன்னை ஏன் அடைத்தோம்" என்று அரசு எழுதிக் கொடுக்க வேண்டிய காரணப் பத்திரம் அது. அது அவருக்குப் புரியாத எழுத்தில் இருந்தால், ஆயுதம் கையில் இருந்தும் இல்லாததுபோல்தான்.

தண்டனை அல்ல, ஆனால் சிறை

சாதாரணக் கைதில் போலீசார் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தவேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஜாமீன் கேட்கலாம். குற்றப்பத்திரிகை வரும், சாட்சி வரும், குறுக்கு விசாரணை நடக்கும். குற்றம் நிரூபணமானால்தான் தண்டனை.

தடுப்புக் காவலில் இந்த முறை எதுவும் கிடையாது. "இவர் செய்தார்" என்பதற்காக அல்ல, "இவரை வெளியே விட்டால் செய்வார்" என்று கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கருதுவதற்காகவே சிறை. 24 மணி நேர விதியும், வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் தடுப்புக் காவல் கைதிக்குப் பொருந்தா என்று அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவே கூறுகிறது.

ஆனால் அதே பிரிவின் 5-வது உட்பிரிவு இரண்டு உரிமைகளை விட்டுவைத்திருக்கிறது. ஒன்று, அடைத்ததற்கான காரணங்களைக் கைதிக்குக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும். இரண்டு, அதை எதிர்த்து மனுக்கொடுக்க அவருக்குக் கூடிய விரைவில் வாய்ப்புத் தரவேண்டும்.

வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற வழக்கம்

இந்த வகைச் சட்டம் புதியதல்ல. சென்னை ராஜதானியில் 1819-ம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு ஒழுங்குவிதி போட்டது. "அரசாங்கக் கைதி" என்று பெயர் சூட்டி எவரையும் விசாரணை இல்லாமல் அடைக்க அது வழி செய்தது. அதற்கு ஓராண்டு முன் வங்காளத்தில் இதே போன்ற விதி வந்தது. 1919-ல் ரௌலட் சட்டம் வந்தபோது நாடே கொதித்து எழுந்தது.

சுதந்திரம் வந்தபின் இந்த வழக்கம் ஒழியும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் சிறைவாசம் அனுபவித்தவர்கள் நிறைந்திருந்தார்கள். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்து சித்தூரில் வக்கீல் தொழில் நடத்திய எம். அனந்தசயனம் அய்யங்கார் அந்தச் சபையில் உறுப்பினர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற அவர் பின்னாளில் லோக்சபை சபாநாயகரானார்.

1949 செப்டம்பரில் டாக்டர் அம்பேத்கர் இன்றைய 22-வது பிரிவை அந்தச் சபையில் கொண்டுவந்தார். தனிமனித சுதந்திரத்துக்கான பாதுகாப்பு வேறொரு பிரிவில் குறைந்துபோனதை ஈடுசெய்யவே இது என்று அவர் விளக்கினார். விசாரணை இல்லாத சிறையை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைக்கலாமா என்று உறுப்பினர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆயினும் பிரிவு நிறைவேறியது.

குடியரசு பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது. ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லி வந்த அந்தச் சட்டம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 1969 முடியும் வரை நீடித்தது.

கோபாலன் வழக்கு

அந்தச் சட்டத்தை எதிர்த்த முதல் பெரிய வழக்கு சென்னை மாகாணத்தில் இருந்துதான் புறப்பட்டது. சித்தூர் மாவட்டம் அப்போது சென்னையோடு இருந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்து, பிறகு அதற்குத் தனி ஐகோர்ட்டு ஏற்படும்வரை சித்தூர்க்காரர்களுக்கும் ஐகோர்ட்டு சென்னையில்தான்.

கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே சிறையில் இருந்தார். பழைய உத்தரவுகளைக் கோர்ட்டு ரத்து செய்யச் செய்ய, புதிய உத்தரவுகள் வந்துகொண்டிருந்தன. 1950 மார்ச் 1-ல் புதிய சட்டத்தின்கீழ் இன்னொரு உத்தரவு சிறைக்குள்ளேயே அவர் கையில் கொடுக்கப்பட்டது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார்.

1950 மே 19-ல் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டார்கள். நீதிபதிகள் பசல் அலியும் மகாஜனும் மாறுபட்டார்கள். கோபாலன் தோற்றார் என்றே பலரும் அந்த வழக்கை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த வழக்கில் ஒரு வெற்றியும் உண்டு. அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு, அடைத்ததற்கான காரணங்களைக் கைதி கோர்ட்டில்கூட வெளியிடக் கூடாது என்றது. வெளியிட்டால் அதுவே குற்றம். காரணத்தைக் கையில் கொடுத்து வாயைக் கட்டிய அந்தப் பிரிவைச் சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்று அடித்துவிட்டது. அன்று முதல் காரணப் பத்திரம் என்பது கோர்ட்டில் எடுத்துக்காட்டக்கூடிய பத்திரம் ஆயிற்று.

மிசாவும் அதற்குப் பின்னும்

1971-ல் மிசா வந்தது. 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பின் அந்தச் சட்டத்தில் சுமார் 35,000 பேர் அடைக்கப்பட்டார்கள் என்று ஷா கமிஷன் கணக்குச் சொல்லிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில் மிசாக் கைதிக்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் செய்யப்பட்டது.

காரணம் சொல்லாத சிறை எப்படி இருக்கும் என்பதைச் சென்னை மத்திய சிறை காட்டிற்று. 1976 பிப்ரவரியில் அங்கே மிசாக் கைதிகள் தாக்கப்பட்டது குறித்துப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 28-ல், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்து எழுதினார். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த அந்தரங்க உரிமை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பழைய தீர்ப்பைத் தவறு என்று தள்ளி, கன்னாவின் பக்கம் நின்றது. நியாயம் வந்து சேர 41 ஆண்டுகள் ஆயின.

மிசா 1978-ல் ஒழிந்தது. அதே ஆண்டு வந்த 44-வது அரசியல் சட்டத் திருத்தம், ஆலோசனைக் குழுவின் சம்மதம் இல்லாமல் ஒருவரை அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்தது. பாராளுமன்றம் நிறைவேற்றிய அந்த ஒரு விதி இன்றளவும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. எத்தனையோ அரசுகள் வந்து போய்விட்டன. எந்த அரசும் அதை அமல்படுத்தவில்லை.

1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982-ல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டம். 1986-ல் ஆந்திராவில் அதே அச்சில் ஒரு சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், கொள்ளையர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், நில அபகரிப்பாளர்கள் என்று நீண்ட பெயர் அதற்கு. ஊரில் அதற்கு வழங்கும் பெயர் பி.டி. ஆக்ட்.

செம்மரமும் சிறையும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்தச் சட்டம் அதிகமாகப் பேசப்படுவது செம்மரத்தால்தான். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைகளில் வளரும் இந்த மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக இப்படிப் பெருவாரியாக வளர்வதில்லை. வெளிநாட்டில் அதற்கு நல்ல விலை. காட்டைக் காப்பது அரசின் கடமை. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

வெட்டும் கூலிகளில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம், வேலூர் பகுதி மலைக் கிராமத்தார். அவர்கள் மீது வருவது பெரும்பாலும் வனச் சட்ட வழக்கு. திரும்பத் திரும்ப வழக்கில் சிக்குவோர் மீதும், கடத்தல் புள்ளிகள் என்று போலீசார் சொல்வோர் மீதும் பி.டி. ஆக்ட் பாய்கிறது. "குண்டா" என்ற வகையில் அவர்களைச் சேர்த்து உத்தரவு போடுகிறார்கள்.

இந்தக் காட்டின் கதை இரத்தம் சிந்திய கதை. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கடமையில் இருந்தவர்கள் அவர்கள். அந்தக் கொடுமையை யாரும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் அந்த வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டுக் கூலிகள் வளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். 2016-ல் திருப்பதி கோர்ட்டு தீர்ப்பளித்தபோது 280-க்கும் மேற்பட்டோர் விடுதலை ஆனார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை. அவர்களில் பலர் அதற்குள் இரண்டாண்டுக்கும் மேலாகச் சிறையில் கழித்துவிட்டார்கள்.

இதற்கு இடையே 2015 ஏப்ரல் 7-ல் சந்திரகிரிக்கு அருகே காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப் படை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். கற்களாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். அவர்களில் சிலரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு அதை எதிர்த்து ஐகோர்ட்டுக்குச் சென்றது.

இந்த நிகழ்ச்சிகள் தடுப்புக் காவல் வழக்குகள் அல்ல. ஆனால் ஒன்றை எடுத்துக்காட்டுகின்றன. கோர்ட்டில் சாட்சி நின்று விசாரணை நடந்ததால்தான் அந்த 280-க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். விசாரணையே இல்லாத சட்டத்தில் அதே சந்தேகம் அவர்கள் மேல் விழுந்திருந்தால், அதைச் சோதித்துப் பார்க்கச் சாட்சிக் கூண்டு ஏது? காரணப் பத்திரம் ஒன்றுதான் மிஞ்சும்.

எந்த மொழியில்?

அந்தப் பத்திரம் எந்த மொழியில் இருக்கவேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. சுப்ரீம் கோர்ட்டுத்தான் சொல்லிற்று.

1962-ல் மராட்டிய மாநிலத்திலிருந்து ஹரிகிசன் வழக்கு வந்தது. கைதிக்கு இந்தி தெரியும், ஆங்கிலம் தெரியாது. காரணப் பத்திரத்தை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். இந்தியில் வேண்டும் என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் வாயால் விளக்கிச் சொன்னாரே, அது போதும் என்றது அரசு.

போதாது என்றது சுப்ரீம் கோர்ட்டு. கைதிக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். அவர் எழுத்தறிந்தவரானால் அவர் வாசிக்கக்கூடிய லிபியிலும் இருக்கவேண்டும் என்று தீர்ப்புக் கூறிற்று. கைதி விடுதலையானார்.

லிபி என்ற அந்த ஒரு சொல் எல்லைத் தமிழர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. "இவனுக்குத் தெலுங்கு பேசத் தெரியுமே" என்று சொல்லித் தப்பிக்க அது இடம் கொடுக்காது. பேசத் தெரிந்தவருக்கெல்லாம் வாசிக்கத் தெரியும் என்று ஆகிவிடாது. பத்துப் பக்கக் குற்றச்சாட்டை ஒருவர் ஒருமுறை வாயால் சொல்லக் கேட்டு, அதிலுள்ள தேதிகளையும் இடங்களையும் நினைவில் வைத்து மறுப்பு எழுத யாரால் முடியும்?

1980-ல் இன்னொரு வழக்கு. கைதிக்குக் குஜராத்தி மட்டும் தெரியும். பத்திரம் ஆங்கிலத்தில். குஜராத்தியில் விளக்கிச் சொன்னதாகப் போலீஸ் அதிகாரி கூறினார். எழுத்தில் கொடுக்காதது தவறு என்று அந்த உத்தரவும் ரத்தாயிற்று.

1999-ல் நம் தமிழே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் கள்ளச்சாராய வழக்கில் குண்டர் சட்டத்தில் அடைபட்ட ஒரு பெண்ணுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அரசு நம்பிய ஆவணங்களில் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் தமிழ் நகல் அவருக்குத் தரப்படவில்லை. அந்த ஒரு குறைக்காகவே அவரது தடுப்புக் காவல் ரத்து செய்யப்பட்டது. காரணத்தை மட்டுமல்ல, காரணத்துக்கு ஆதாரமாக அரசு நம்பிய ஆவணங்களையும் கைதிக்குப் புரியும் மொழியில் கொடுக்கவேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படும் பாடம்.

இந்த நியாயம் பின்னர் சாதாரணக் கைதுக்கும் வந்து சேர்ந்தது. 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியத் தீர்ப்பு அளித்தது. எந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தாலும், கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் கொடுக்கவேண்டும் என்றது. உடனே எழுத்தில் கொடுக்க முடியாத நிலைமையில் வாயால் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அந்தக் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம் ஆகும்.

நாள் கணக்கு

ஆந்திரச் சட்டத்தில் ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கு உண்டு. அடைத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் காரணப் பத்திரம் கொடுக்கவேண்டும். கலெக்டர் போட்ட உத்தரவுக்கு 12 நாளுக்குள் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். மூன்று வாரத்துக்குள் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்பவேண்டும். அடைத்த நாளிலிருந்து ஏழு வாரத்துக்குள் குழு தன் முடிவைச் சொல்லவேண்டும். போதிய காரணம் இல்லை என்று குழு சொன்னால் விடுதலை செய்தே ஆகவேண்டும். எப்படியும் 12 மாதத்துக்கு மேல் அந்த உத்தரவில் அடைத்துவைக்க முடியாது.

ஆலோசனைக் குழு முன் வக்கீல் வாதாட உரிமை இல்லை. ஆனால் 1981-ல் ஏ.கே. ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு சலுகையைக் காட்டியது. வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரின் உதவியைக் கைதி பெறலாம். அரசுத் தரப்பில் வக்கீல் வந்தால் கைதிக்கும் வக்கீல் வைக்க அனுமதிக்க வேண்டும். தெலுங்கும் தமிழும் எழுதத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் உடன் இருந்தால் ஒரு கூலித் தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய பலம்!

பத்திரத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்பார்கள். வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தால், "எனக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது, தமிழில் வேண்டும்" என்று கையெழுத்தின் மேலேயே தமிழில் எழுதலாம். பின்னால் ஐகோர்ட்டில் அந்த ஒரு வரி பேசும். எதுவும் எழுதாமல் போடும் கையெழுத்தோ, "படித்துப் புரிந்துகொண்டேன்" என்பதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாமா என்ற கேள்வி எழும். குறை தீர்க்கக் கோரும் மனுவை அந்தந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுத ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு கூறுகிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழ் வழங்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப்போட மனைவியோ, அண்ணன் தம்பியோ, நண்பரோ முன்வரலாம். 1953-க்கு முன் சித்தூர்க்காரர் சென்னைக்கு ரயில் ஏறினால் போதும். இன்று ஆந்திர ஐகோர்ட்டு இருப்பது அமராவதியில். 2019 முதல் அங்கே இயங்குகிறது. செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவிக் குழுவை நாடலாம். காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது 1987-ம் ஆண்டுச் சட்டம். அதற்கான தொலைபேசி எண் 15100.

வெளியூர்க்காரர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. 1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த விதி அது. கைதானவரின் உறவினர் வேறு மாவட்டத்தில் இருந்தால், கைதான செய்தியைச் சட்ட உதவி அமைப்பின் மூலமும் அந்தப் பகுதிப் போலீஸ் நிலையத்தின் மூலமும் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அவர்களுக்கு அனுப்பவேண்டும். சந்திரகிரியில் பிடிபட்டவரின் வீடு ஜவ்வாது மலையில் இருந்தாலும் செய்தி போயாகவேண்டும்.

பத்திரமே இல்லாத கண்காணிப்பு

தடுப்புக் காவலில் ஒரு காகிதமாவது கைக்கு வருகிறது. கண்காணிப்பில் அதுவும் இல்லை. போலீஸ் நிலையத்தில் ரவுடிப் பட்டியல் என்றும் சரித்திரப் பதிவேடு என்றும் சொல்லப்படும் ஏட்டில் தன் பெயர் ஏறியிருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பதிவே பின்னால் தடுப்புக் காவல் உத்தரவுக்கு அடிப்படையாக வந்து நிற்பது உண்டு.

1962-ல் கரக்சிங் வழக்கில், சந்தேகப் பட்டியலில் இருப்பவரின் வீட்டுக் கதவைப் போலீசார் நள்ளிரவில் தட்டும் வழக்கம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் வெளியே நின்று கண்காணிப்பதைத் தடுக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பது 2017-ல்தான் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது.

தொலைபேசியை ஒட்டுக் கேட்க உள்துறைச் செயலாளர் நிலையில் உத்தரவு வேண்டும், மறு ஆய்வுக் குழு அதைப் பார்வையிட வேண்டும் என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டு விதி வகுத்தது. ஆனாலும் 2024-ல் பக்கத்துத் தெலங்கானாவில் சட்டவிரோதமாக ஒட்டுக் கேட்டதாகப் போலீஸ் அதிகாரிகளே கைது செய்யப்பட்டார்கள். ஒட்டுக் கேட்கப்பட்டவருக்கு விதிப்படி எந்த அறிவிப்பும் வராது. தனக்குத் தெரியாததை எதிர்த்து யார் மனுப்போட முடியும்?

திருப்பதியில் பாதுகாப்புக் கெடுபிடிக்கு முகாந்திரம் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2003 அக்டோபர் 1-ல் அலிபிரியில் முதல்-மந்திரி சந்திரபாபு நாயுடுவின் கார் கண்ணிவெடியில் சிக்கிற்று. அவர் காயத்தோடு உயிர் தப்பினார். லட்சக்கணக்கானோர் வந்து போகும் யாத்திரைத் தலத்தில் சோதனை இருந்தே தீரும். சோதனை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா, பேச்சை வைத்தும் ஊரை வைத்தும் ஆள் பிரிக்கிறதா என்பதே கேள்வி.

இரு தரப்பு நியாயம்

தடுப்புக் காவல் வேண்டும் என்போர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. கடத்தல் தலைவன் காட்டுக்குள் வரமாட்டான். அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல எவரும் துணியமாட்டார். சாதாரணச் சட்டத்தில் ஜாமீனில் வந்து மறுநாளே தொழிலைத் தொடங்குவான். அவனை நிறுத்த வேறு என்ன வழி என்று அதிகாரிகள் கேட்கிறார்கள்.

ஆனால் சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்று 2011-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. திருப்பதியில் செம்மர வழக்குகளுக்கென்றே தனிக் கோர்ட்டுகள் ஏற்பட்டிருக்கின்றன. 2016-ல் ஆந்திர வனச் சட்டத்தில் தண்டனையும் கடுமையாக்கப்பட்டது. தனிக் கோர்ட்டும் கடும் தண்டனையும் கைவசம் இருக்கும்போது விசாரணை இல்லாத சிறைக்கு அவசியம் எவ்வளவு என்று கேட்பது தேசத் துரோகம் ஆகாது.

கோர்ட்டுகளும் ஒரே திசையில் போகவில்லை. ஒரு தடவைக்கு மூன்று மாதம் என்றே உத்தரவு போடவேண்டும் என்று ஆந்திரச் சட்டத்தைப் பற்றி 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2023 ஆகஸ்டில் அதே கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ஏற்காமல், ஆலோசனைக் குழு சம்மதித்தபின் அரசு 12 மாதத்துக்கும் ஒரே உத்தரவு போடலாம் என்றது. அடுத்த மாதமே, தெலங்கானாவில் அதே 1986-ம் ஆண்டுச் சட்டம் கண்மூடித்தனமாகப் பயன்படுவதைக் கண்டித்தது. 2024 மார்ச்சில், ஆலோசனைக் குழுக்கள் அரசு நீட்டிய இடத்தில் முத்திரை குத்தும் குழுக்களாக இருக்கக்கூடாது என்று எச்சரித்தது.

சட்டம் இருக்கும்வரை கலெக்டர் உத்தரவு போடுவார். அதை மாற்றுவது சட்டசபையின் வேலை. தொழிலாளியின் கையில் இருப்பது சிறிய வேலைதான். காரணத்தைக் கேட்பது, எழுத்தில் கேட்பது, தன் எழுத்தில் கேட்பது. கோபாலன் தோற்ற வழக்கில் ஜெயித்ததும் அந்தக் காகிதம்தான். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவைத்தால் அதுவே பெரிய உதவி.